ரெக்கார்டரை அணைத்த பிறகு

நம் ஊரில் புத்தகம் அச்சாகி வந்துவிட்டால் மட்டும் போதாது. ஒருவர் அதை மேடையில் வெளியிட வேண்டும், இன்னொருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிறகு இருவரும் அட்டை தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, புகைப்படக்காரர் போதும் என்று சொல்லும்வரை சிரிக்க வேண்டும். இங்கிலீஷில் ஆராய்ச்சிப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. ஆனால் என் தோழி எழுதியது இங்கிலீஷாக இருந்தாலும் வெளியிட்டது தாம்பரம் பக்கத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கல்லூரியில், அதுவும் மகளிர் தின வாரத்தில். சடங்கை விட முடியுமா? முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள அவள் அழைத்தது என் அண்ணியை.

அண்ணி ஒன்பதாவதோடு நின்றவர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து செம்பாக்கத்துக்கு வாழ வந்தவர். எங்கள் வீடு ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த வீடு. இப்போது வயல் இருந்த இடத்தில் வாடகைப் போர்ஷன்களும் மெயின் ரோட்டில் வரிசையாகக் கடைகளும் நிற்கின்றன. மோட்டார் போடுவதிலிருந்து குடித்தனக்காரர்களின் சண்டையைத் தீர்ப்பதுவரை எல்லாம் அண்ணியின் நிர்வாகம். அப்படிப்பட்டவர் அன்று மேடைக்கு ஏறும் முன் என் காதில், வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா, நாமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளலாம் என்றேன். அரக்குப் பட்டுப்புடவை, தலைநிறைய மல்லிகை. பிரதிகள் அன்று காலையில்தான் பார்சலில் வந்திருந்தன. பளபளக்கும் தாளில் சுற்றி ரிப்பன் கட்டியிருந்ததை மேடையில்தான் பிரித்தார்கள். ஆகவே புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அந்த அரங்கத்தில் எழுதியவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வாழ்த்துரை வழங்கிய எனக்கும் தெரியாது. நம் வாழ்த்துரைகள் பெரும்பாலும் அப்படித்தான்.

அவளை நான் எவ்வளவு நம்பினேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். அவள் இங்கிலீஷ் துறையில் நிரந்தரப் பேராசிரியர், நான் தமிழ்த் துறையில் சுயநிதிப் பிரிவு. இந்த இரண்டு சாதிகளும் ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை. அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவைத் திறந்தாள். அவள் வீட்டில் சுவர் முழுக்கப் புத்தகங்கள்: கல்வி, பெண்ணிய அரசியல், பண்பாட்டு அடையாளம் என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிற ஆராய்ச்சி நூல்கள். எல்லாத் தலைப்பும் இரண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டு கவிதை மாதிரி, நடுவில் இரண்டு புள்ளி, அப்புறம் விஷயம். அட்டையில் கேமராவைப் பார்க்காத ஒரு பெண். நான் கேலி செய்வேன். ஆனால் அவற்றை முதலில் அகராதியோடும் பிறகு அகராதி இல்லாமலும் படித்தவள் நான். என் வீட்டில் நடந்ததெல்லாம் என் தலையெழுத்து இல்லை, அதற்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது என்று எனக்குக் காட்டியவை அந்தப் புத்தகங்கள்தான். அந்த நன்றியை இப்போதும் மறுக்க மாட்டேன்.

என் கர்ப்பப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் என்னோடு படுத்திருந்தவளும் அவள்தான். துணைக்கு இருப்பவர்களுக்கான அந்தக் குறுகிய பெஞ்சில் கால் மடக்கிக்கொண்டு தூங்கினாள். என் புருஷன் பகலில் வந்து ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார். அவள் என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். இப்படி ஒருத்தி, உங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி எழுதப்போகிறேன், எனக்கு உங்கள் வீட்டுக்கு வழிகாட்டு என்று கேட்டால் யார்தான் யோசிப்பார்கள்?

தென்சென்னைப் புறநகரில் பூர்வீகக் குடும்பங்களின் பெண்கள் எப்படிக் கல்லூரிக்குப் போனார்கள், வீட்டில் யார் சம்மதித்தார்கள், யார் தடுத்தார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. முதல் நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணி வடை சுட்டார். சின்ன ரெக்கார்டர் ஒன்றைத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினார், அப்புறம் மறந்துவிட்டார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. அவள் தனியாகவே போய்வந்தாள். திரும்பும்போது காரில் முருங்கைக்காய், வாழைப்பூ என்று ஏதாவது இருக்கும். உன் ஃப்ரெண்டு நல்ல பொண்ணு, நாம பேசும்போது மூஞ்சியைப் பார்த்துக் கேட்குது என்று அண்ணி என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்து அண்ணி சொல்வதைக் கேட்டவர் யாரென்று யோசித்தேன். எனக்கு நினைவுக்கு ஒருவரும் வரவில்லை, நான் உட்பட.

விழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் வரும் அத்தியாயத்துக்கு நேராகப் போனேன். அண்ணிக்கு வேறு பெயர் வைத்திருந்தாள். அதோடு அவள் கடமை முடிந்துவிட்டது போலிருக்கிறது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் பெரிய ஏரி உள்ள புறநகர், கரைமேல் அம்மன் கோயில், மெயின் ரோட்டில் வரிசைக் கடைகள் வைத்திருக்கும் குடும்பம், அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரி ஏறி இப்போது பாடம் நடத்துகிற நாத்தனார் என்று எல்லாம் இருந்தது. எங்கள் தெருவில் பால் போடுகிறவரிடம் வாசித்துக் காட்டினால் வீட்டு எண்ணைச் சொல்லிவிடுவார். சரி, போகட்டும், அப்படி ரகசியமாக என்ன இருக்கிறது எங்கள் வீட்டில் என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

அப்போது அந்த வாக்கியம் வந்தது. "இந்த இடத்தில் ரெக்கார்டரை அணைக்கும்படி கேட்டுக்கொண்டார். நான் அணைத்தேன்." அதற்கு அடுத்த பத்தியில், அணைத்த பிறகு அண்ணி சொன்னது இருந்தது.

அது என்ன என்று சொல்வதற்கு நான் படிக்கப்போன கதையைச் சொல்ல வேண்டும். நான் பிளஸ் டூ முடித்த வருடம் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கிழக்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை. அப்பா ஒன்றை முடிவு செய்தால் அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. அண்ணன் வாயே திறக்கவில்லை, அம்மா திறந்து மூடிக்கொண்டார். அண்ணி அந்த வருடம் தை மாதம்தான் வாழ வந்திருந்தார். மாமனார் முன்னால் நின்று பேசாத புது மருமகள். ஆடியில் ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பம்பை அடிக்க அடிக்க அண்ணிக்குத் திடீரென்று சாமி வந்துவிட்டது. அதுவரை அவருக்கு வந்ததே இல்லை. கூந்தல் அவிழ்ந்து, வேப்பிலையை வாயில் கடித்துக்கொண்டு, பூசாரி "யாரும்மா வந்திருக்கிறது" என்று கேட்டதும் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, டேய் என்று சொல்லி, என் பெண்ணைப் படிக்க அனுப்புடா, இல்லாவிட்டால் உன் வீட்டில் விளக்கு நிற்காது என்றார். ஊரே பார்த்தது. அப்பா மருமகள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ஆடியில் எந்தக் கல்லூரியில் சேர்ப்பார்கள்? அப்பா கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். தமிழ் இலக்கியத்தில்தான் இடம் மிச்சமிருந்தது. அப்படித்தான் நான் தமிழ் படித்தேன். தமிழ்மேல் சின்ன வயதிலிருந்தே பற்று என்று வேலைக்கான நேர்காணலில் சொன்னதெல்லாம் பிற்பாடு சேர்ந்தது. எனக்குப் பொதுவாகச் சாமியாட்டத்தில் நம்பிக்கை குறைவு. ஆனால் அந்த ஒரு சாமியை மட்டும் நம்பினேன், நம்பாமல் எப்படி இருப்பேன்? ஒவ்வொரு ஆடிக்கும் அம்மனுக்குப் புடவை சாத்தினேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் ஏரிக்கரை அம்மன். அண்ணி ஆறாவதோ ஏழாவதோ, தட்டச்சு செய்தவருக்குக் கொஞ்சம் மேலே.

புத்தகத்தில், ரெக்கார்டரை அணைத்த பிறகு, அண்ணி சொல்லியிருந்தது இதுதான்: அன்றைக்குச் சாமி வரவில்லை. நான் நடித்தேன்.

அதன்பிறகு மூன்று பக்கத்துக்கு விளக்கம். பேச்சு மறுக்கப்பட்ட பெண் தெய்வத்தின் குரலைக் கடன் வாங்கிக்கொள்கிறாள், ஆணாதிக்கத்தின் ஆயுதத்தைக் கொண்டே அதை மடக்குகிறாள், சடங்கு இங்கே அரசியல் நாடகம் ஆகிறது. படிக்க அருமையாக இருந்தது. என்னைப் படிக்கவைத்தது அம்மன் இல்லை, பத்தொன்பது வயதில் ஒரு பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போட்ட வேஷம் என்று எனக்குத் தெரியவந்த விதம் இதுதான், இன்னொருத்தியின் புத்தகத்தில், அச்சில். அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அதே சமயம் அந்த வாக்கியத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன். அணைக்கச் சொன்னார், அணைத்தேன். எழுதலாம் என்று அண்ணி பிறகு சம்மதித்ததாக எங்காவது ஒரு வரி இருக்கும் என்று தேடினேன். இல்லை.

இதை அண்ணியிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று இரண்டு மூன்று நாள் முழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அண்ணன் மகள் படித்துவிட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம், அந்த வீட்டில் சரளமாக இங்கிலீஷ் படிக்கிற ஒரே ஆள். டிவி பக்கத்தில் சாமி படத்தோடு வைத்திருந்த முதல் பிரதியை எடுத்துப் படித்து, அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். மேலே தமிழில், எங்க அம்மா வேற லெவல், சாமி வந்த மாதிரி நடிச்சு எங்க அத்தையைப் படிக்க வெச்சாங்க என்று எழுதி, கூடவே நெருப்பு எமோஜிகள். பாவம், அவள் தன் அம்மாவை நினைத்துப் பூரித்துத்தான் போட்டாள். சாயங்காலத்துக்குள் சிங்கப்பெருமாள் கோவில் சொந்தக்காரர்கள்வரை தெரிந்துவிட்டது. அண்ணனுக்குக் கோயில் கமிட்டி ஆள் ஒருவர் டீக்கடையில் வைத்துப் போனைக் காட்டினாராம்.

அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "எங்கப்பா உன் கால்ல வுழுந்தாருடி." அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கியவர், மருமகளை அம்மா என்றே கூப்பிட்டவர். அண்ணன் அதற்குமேல் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. தட்டை எடுத்துத் தானே சோறு போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். வாடகை விஷயமாகக் குடித்தனக்காரர்கள் வந்தால் எழுந்துபோய்த் தானே பேசினார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. அண்ணிக்கு வருடா வருடம் சாமி வருவதால், வெள்ளிக்கிழமைகளில் குழந்தைக்குக் காய்ச்சல், பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று விபூதி வாங்க நாலு பேர் வருவார்கள். அது நின்றது. ஒரு அம்மாள் மட்டும் வாசலிலேயே நின்று, அப்போ என் பையனுக்கு மறைமலை நகரில் கார் கம்பெனி வேலை கிடைக்கும் என்று வாக்கு சொன்னதும் டூப்புதானா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அவர் பையனுக்கு அந்த வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, குழந்தையும் பிறந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார். அண்ணன் மகள் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள்.

நான் போனபோது அண்ணி பின்பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று முழுசாகத் தமிழில் சொல்லச் சொன்னார். வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். வேறு யாரோ வீட்டு விஷயத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயுதம், நாடகம் எல்லாம் முடிந்ததும், "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

"மிச்சத்த எழுதலயா?"

மிச்சம் என்ன என்று கேட்டேன். கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணி சொன்னார்.

"மொத வருஷம் நடிச்சேன் பாப்பா. உங்கப்பா அந்தக் கடக்காரனுக்கு நாள் குறிச்சிட்டாரு, எனக்கு வேற வழி தெரியல. அடுத்த வருஷம் சும்மா கும்புட்டு வந்துடலாம்னுதான் போனேன். பம்ப அடிச்சாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல. வூட்டுக்குத் தூக்கிக்கினு வந்து மூஞ்சில தண்ணி தெளிச்சப்பதான் முழிச்சேன். அன்னியிலேர்ந்து எந்த வருஷமும் நான் நடிச்சதில்ல. உன் மேல சத்தியம்."

இதையும் அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம், இரண்டையும் ஒரே மூச்சில். சொல்லப்போனால் இரண்டாவதைச் சொல்வதற்காகத்தான் முதலாவதையே சொன்னாராம். இத்தனை வருடமாக அவருக்குள் ஒரு கேள்வி கிடந்திருக்கிறது. பொய் சொன்ன வாய்க்கு அம்மன் எதற்கு வந்தாள்? கோபத்தில் வந்தாளா, மன்னித்து வந்தாளா? வீட்டில் யாரைக் கேட்பது? பூசாரியைக் கேட்க முடியுமா? "படிச்ச பொண்ணாச்சே, இதெல்லாம் ஆராய்ச்சி பண்ணுதே, அதுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு, காரில் ஏறிப் போனாளாம்.

அடுத்த நாள் மதியம் அவளை அவள் அறையில் பிடித்தேன். ஸ்டேட்டஸ் விஷயத்தைக் கேட்டு நிஜமாகவே பதறினாள். அதில் நடிப்பில்லை, எனக்கு அவளைத் தெரியும். பிறகு, உன் அண்ணன் பெண் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்றாள். பெயரை மாற்றித்தானே எழுதினேன் என்றாள். வெளிநாட்டுப் பதிப்பகம், அந்த விலைக்கு செம்பாக்கத்தில் யார் வாங்கிப் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன் என்றாள். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. எங்களைப் பற்றி எழுதும்போது எங்களில் ஒருத்தரும் அதைப் படிக்கமாட்டோம் என்பதை ஒரு பாதுகாப்பாகவே வைத்திருந்திருக்கிறாள். ஆனால் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள மட்டும் எங்களில் ஒருத்தி வேண்டும், பட்டுப்புடவையோடு.

ரெக்கார்டரை அணைக்கச் சொன்னார்களே என்றேன். அதனால்தான் அதையும் மறைக்காமல் எழுதினேன், வாசகரிடம் ஒளிக்காமல் இருப்பதுதான் நேர்மை என்றாள். அண்ணியிடம் காட்ட வேண்டிய நேர்மையை எல்லாம் வாசகரிடம் காட்டியிருந்தாள். மிச்சத்தை ஏன் விட்டாய் என்று கேட்டதும் பேனா மூடியைத் திறந்து மூடினாள்.

"அது நோட்ஸ்ல இருக்குப்பா. ஆனா அதையும் வெச்சா அந்த சாப்டர் நிக்காது." சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "நீயே சொல்லு, நீ நம்புறியா அதை?"

ஆஸ்பத்திரியில் என் தலையைப் பின்னிவிட்ட அவள் விரல்களை நினைத்துக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் ஏறிவிட்டது, பக்கத்து அறையில் பேச்சு நின்றது.

"நான் நம்புறேனா இல்லையான்னு யாரு கேட்டா? அவங்க சொன்னாங்களா இல்லையா?"

சொன்னார்கள் என்று ஒத்துக்கொண்டாள். அடுத்த பதிப்பு வந்தால் அதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன் என்றாள். மனதார, ஒரு பெரிய உதவியைச் செய்கிற மாதிரி சொன்னாள். ஒரு மனுஷியின் பாதி வாழ்க்கை, பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். வழக்கமாகக் கல்லூரி விட்டதும் அவள் காரில்தான் வீட்டுக்குப் போவேன், அதன்பிறகு ஏறவில்லை. சானட்டோரியம் வழியாகப் போகும் பஸ்ஸில் போகிறேன். காரிடாரில் எதிர்ப்பட்டால் அவள் இப்போதும் சிரிக்கிறாள். புத்தகம் நூலகத்தில் புதுவரவு அலமாரியில் அட்டை தெரிய நிற்கிறது. முதுகலை மாணவிகளுக்கு அந்த அத்தியாயத்தைப் பாடமாகவும் வைத்திருக்கிறார்கள். அவளை வெறுக்க முடிந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். முடியவில்லை, அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருந்த நாட்களில்கூட அவள் மனதில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாளோ என்று ஒரு சந்தேகம் வருகிறது. வந்த பிறகு அந்த நாட்களையும் நிம்மதியாக நினைக்க முடிவதில்லை.

ஆடி வந்தது. கமிட்டிக்காரர்கள் அண்ணியை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடா வருடம் வீட்டுக்கு வந்து, முன்னால் நிற்க வாங்கம்மா என்று மஞ்சள் துணி கொடுத்துக் கூப்பிடுவார்கள், இந்த முறை கூப்பிடவில்லை. அண்ணி போகவே மாட்டேன் என்றார். கூழ் ஊற்றும் நாள் காலையில் என்னவோ தானே குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பட்டு இல்லை, சாதாரண நூல் புடவை. கூந்தலை இறுக்கமாகக் கொண்டை போட்டு, வழக்கத்துக்கு மாறாக நாலைந்து ஊசி குத்தியிருந்தார். நான் அவரோடு நடந்தேன்.

கரைமேல் சரியான வெயில். அண்டா அண்டாவாகக் கூழ், கருவாட்டுக் குழம்பு வாசனை, மைக் செட். அண்ணன் பந்தலுக்குள் கமிட்டிக்காரர்களோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி முன்னால் போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், வேறு தெருக்களுக்கு வாடகைக்கு வந்திருக்கும் வெளியூர்ப் பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், வேப்பமரத்தை ஒட்டி நின்றோம். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பம்பைக்காரர்கள் ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் அடுத்த தெருப் பெண் ஒருத்திக்கு வந்தது. பூசாரி விபூதி போட்டு, யாரும்மா வந்திருக்கிறது என்று கேட்டார். கூட்டம் அந்தப் பக்கம் நெருக்கியது.

என் மணிக்கட்டை அண்ணி பிடித்தார். அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கண் என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்காலிலிருந்து நடுக்கம் ஏறி வருவது அவர் கை வழியாக எனக்குத் தெரிந்தது. நகம் என் தோலில் இறங்கியது. கொண்டை ஊசி ஒன்று தெறித்து விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் நிறையப் படித்தவள்தான், அது என்ன என்று எனக்குத் தெரியாது. நடிப்பு இல்லை என்று மட்டும் தெரியும். பார்க்க ஆளில்லாத இடத்தில் யாரும் நடிப்பதில்லை.

"புடிச்சிக்கோ பாப்பா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "வுட்டுடாத. இவங்க முன்னாடி வேணாம்."

இரண்டு கையாலும் அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு முதுகை மரத்தோடு சாய்த்தேன். அவிழ்ந்த கூந்தலை என் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே அமுக்கிக்கொண்டேன். காய்ச்சல்காரி மாதிரி உடம்பு கொதித்தது. பம்பை ஏற ஏற அவர் என்னையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் போலிருந்தது. நான் பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினேன். என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய அந்த உடம்பை, ஊர் பார்த்துவிடாமல், அழுத்திப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவர் எல்லா எலும்பும் கழன்றதுபோல் என்மேல் சரிந்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்து, என்னாச்சு என்று கேட்டு, ஒருத்தி ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தாள். பந்தலிலிருந்து அண்ணனும் எட்டிப் பார்த்தார்.

வெயிலுக்கு மயக்கம் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.